ஐந்தாவது கேப்டனை எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது

கன்ட்ரோல் ரூம்: ...அதான் சொல்றேன் சார், முதல்ல வந்த நாடகத்துல இருந்து ஆரம்பிச்சுடாதீங்க. எல்லாரும் தப்புப் பண்ற இடமே அதுதான்.

மாஸ்டர்: ஏன்... ஏன் மேடம்? எதையும் ஒண்ணுல இருந்துதானே ஆரம்பிக்கணும்...

கன்ட்ரோல் ரூம்: இது வாய்ப்பாடு இல்ல சார், நாடகம். முதல் நாடகத்துல பாதி நேரம் கப்பலுக்குள்ள எந்த அறை எங்க இருக்குன்னே சொல்லிட்டிருப்பாங்க, வீடு காட்ட வந்த புரோக்கர் மாதிரி. மூச்ச மூக்கால இழுங்க, வாயால விடுங்க. விடுறீங்களா?

மாஸ்டர்: விடுறேன்... விடுறேன்...

அக்கா: விடல. இழுத்து வெச்சுக்கிட்டே இருக்கார். கன்னம் ரெண்டும் பலூன் மாதிரி உப்பியிருக்கு.

மாஸ்டர்: அக்கா, காட்டிக் குடுக்காதீங்க...

கன்ட்ரோல் ரூம்: சார், லிஃப்டுக்குள்ள காத்துக்குப் பஞ்சமே இல்ல. மேல ஓட்டை இருக்கு, கதவிடுக்குல ஓட்டை இருக்கு. நீங்க சேத்து வைக்க வேண்டியதே இல்ல. தாராளமா செலவு பண்ணுங்க.

மாஸ்டர்: எப்ப மேடம் திறப்பீங்க?

கன்ட்ரோல் ரூம்: மெக்கானிக் கிளம்பிட்டார். பத்து நிமிஷம்.

அக்கா: ஏம்மா, இதே பத்து நிமிஷத்ததான் முன்னாடியும் சொன்ன.

கன்ட்ரோல் ரூம்: அது போன பத்து நிமிஷம் மேடம். இது வேற.

அக்கா: வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல உனக்கு.

கன்ட்ரோல் ரூம்: வேலையே அதானே மேடம். எங்க லிஃப்டு நின்னாலும் சிவப்பு விளக்கு இங்க எரியும். கேமரா கிடையாது, காதும் வாயும்தான். சார், இப்ப எப்படி இருக்கு? உக்காந்துட்டீங்களா?

மாஸ்டர்: தரைல உக்காந்திருக்கேன். சுவரு... சுவரு கிட்ட வர்ற மாதிரி இருக்கு மேடம்.

அக்கா: சுவரு வரல. நீங்கதான் சுவத்தோட ஒட்டிக்கிட்டிருக்கீங்க. இவ்வளவு பெரிய உடம்ப வெச்சுக்கிட்டு... ஏங்க, நீங்க என்ன வேலை பாக்குறீங்க?

மாஸ்டர்: ஏழாவது மாடில ஜிம்மு. நான்தான் மாஸ்டர்.

அக்கா: ஜிம் மாஸ்டரா! படியேறிப் போகமாட்டீங்களா?

மாஸ்டர்: தினம் படிதான் அக்கா. ஊருக்கே நான் அதத்தான் சொல்லிட்டிருக்கேன். இன்னைக்கு முட்டி பிடிச்சுக்கிச்சு. பசங்க பாக்குறதுக்கு முன்னாடி போயிடலாம்னு... மேடம், இதெல்லாம் ரெக்கார்டு ஆகுதா?

கன்ட்ரோல் ரூம்: ஆகுது சார்.

மாஸ்டர்: போச்சு.

கன்ட்ரோல் ரூம்: முட்டி விஷயத்த நான் காதுல வாங்கல. போதுமா? கதைக்கு வாங்க. சின்ன வயசுல டி.வி.ல என்ன பாப்பீங்கன்னு கேட்டேன், ‘நெடுவான்’னு சொன்னீங்க. எனக்கு வாயெல்லாம் பல்லு. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஓடின விண்கப்பல் தொடர் சார் அது, கேப்டன் மட்டும் மாறிக்கிட்டே இருப்பாங்க! எந்தக் கேப்டன் காலத்துல பாத்தீங்க?

மாஸ்டர்: மூணு, நாலு... அஞ்சாவது வந்து கொஞ்ச நாள்ல விட்டுட்டேன். ஒரு அம்மா வருவாங்களே... வெள்ளி முடி வெச்சுக்கிட்டு... மரக்கட்டை கேப்டன்! ஸ்கூல்ல நாங்க எல்லாம் அவங்க மாதிரி நடந்து காட்டுவோம் மேடம். காலு ரெண்டும் மரத்துல செஞ்ச மாதிரி, டொக்கு டொக்குன்னு...

அக்கா: அந்தப் பூட்ஸ் ரெண்டு சைஸ் பெரிசு.

மாஸ்டர்: என்னக்கா?

அக்கா: இல்ல... பெரிசா இருந்திருக்கும்னு சொல்ல வந்தேன். பாவம், யாரு கண்டா.

கன்ட்ரோல் ரூம்: சார் சிரிச்சாரா இப்ப?

அக்கா: லேசா. கலர் திரும்புது.

கன்ட்ரோல் ரூம்: சார், நீங்க சிரிச்ச அந்த அஞ்சாவது கேப்டன்தான் ஒலிநாடகத்துக்கே உயிரு. டி.வி.ல அவங்களுக்கு என்ன குடுத்தாங்க? ஓடு, சுடு, பட்டனைத் தட்டு. கொஞ்ச வாரத்துலயே தூக்கிட்டாங்க. அப்புறம் ஒரு ஸ்டூடியோக்காரங்க, டி.வி.ல சொல்லாத கதைய எல்லாம் கேக்குற நாடகமா எடுக்கலாம்னு ஆரம்பிச்சாங்க. மத்த கேப்டனுங்க யாரும் வரல. இவங்க மட்டும் வந்தாங்க.

அக்கா: வேற பொழப்பு இல்லாம இருந்திருக்கும்.

கன்ட்ரோல் ரூம்: இருக்கட்டுமே மேடம். கேட்டுப் பாருங்க தெரியும். பாக்குறப்போ மரக்கட்டை. கேக்குறப்போ... எப்படிச் சொல்ல... அவங்க யோசிக்கிறதே காதுல விழும்.

அக்கா: இந்தக் காலத்துல உக்காந்து நாடகம் கேக்குறது யாரும்மா? கண்ணு முன்னாடி ஆயிரம் ஓடுது. காத மட்டும் குடுன்னா யாரு குடுப்பா?

கன்ட்ரோல் ரூம்: நான் குடுக்குறேன். பஸ்ல குடுக்குறேன், துணி மடிக்கிறப்போ குடுக்குறேன். எங்க மாமியாரு குடுக்குறாங்க. கல்யாணமாகி வந்ததுல இருந்து எனக்கும் அவங்களுக்கும் ‘உப்பு இருக்கா’, ‘இருக்கு’, அவ்வளவுதான் பேச்சு. ஒரு நாள் நான் போன்ல சத்தமா வெச்சுட்டு பாத்திரம் கழுவிட்டிருந்தேன். பின்னாடி வந்து நின்னு, ‘அந்தக் கப்பலுக்கு என்ன ஆச்சு?’ன்னாங்க. இப்ப எங்க வீட்ல சண்டையே எந்த நாடகம் உசத்தின்னுதான்.

மாஸ்டர்: எது மேடம் உசத்தி?

அக்கா: கேளுங்க, கேளுங்க. பேச்சு குடுத்துக்கிட்டே இருங்க.

கன்ட்ரோல் ரூம்: நீங்க ஆரம்பிக்க வேண்டியது ‘உப்புக் கிணறு’. கடல் வத்திப்போன ஒரு கிரகம். மனுஷன் காலே படாத இடம். அங்க ஒரு கிணத்துக்குள்ள இருந்து, ‘காப்பாத்துங்க’ன்னு ஒரு குரல். கேப்டன் கயித்துல இறங்குறாங்க. இறங்க இறங்கத்தான் புரியுது, அது அவங்க குரல்தான்.

மாஸ்டர்: ஐயோ. எப்படி?

கன்ட்ரோல் ரூம்: கேளுங்க சார், சொன்னா சப்புன்னு போயிடும். அடுத்தது ‘இரவல் சூரியன்’. ஒரு ஊரே பக்கத்து ஊரோட சூரியன இழுத்துட்டு வந்து குளிர் காயுது. அந்த ஊர்க்காரன் திரும்பக் கேட்டு வர்றான். ஒரு துப்பாக்கிச் சத்தம் கிடையாது, முழு நாடகமும் பேச்சுதான். கடைசில கேப்டன் அழுவாங்க பாருங்க... நடிப்பே இல்ல சார் அது. நிஜ அழுகை.

அக்கா: ஜலதோஷம்.

கன்ட்ரோல் ரூம்: என்னது?

அக்கா: எனக்கு... எனக்கு ஜலதோஷம்னேன். அதான் குரல் இப்படிக் கரகரன்னு இருக்கு.

கன்ட்ரோல் ரூம்: ஓ. நான் லைன்தான் கரகரங்குதுன்னு நினைச்சேன் மேடம்.

மாஸ்டர்: அக்கா, நீங்க எந்த மாடிக்கு?

அக்கா: ஆறு. பல் டாக்டர்.

மாஸ்டர்: ஆறுல பல் டாக்டரா? அது ஏதோ ரெக்கார்டிங் ஸ்டூடியோல்ல? பல் டாக்டர் அஞ்சுல.

அக்கா: அஞ்சுன்னுதான் சொன்னேன். உங்களுக்கு இன்னும் காது அடைச்சிருக்கு.

மாஸ்டர்: ஆறுன்னு...

அக்கா: மூச்ச விடுங்க முதல்ல!

மாஸ்டர்: விடுறேன்.

கன்ட்ரோல் ரூம்: மேடம், நீங்களும் கேட்டுப் பாக்கலாம். பல் டாக்டர்கிட்ட காத்திருக்கிறப்போ நல்லாப் பொழுது போகும்.

அக்கா: எனக்கெதுக்கு. புதுசா ஏதாவது வருதா என்ன? நின்னுபோச்சுன்னு கேள்வி.

கன்ட்ரோல் ரூம்: ஒரு வருஷமா வரல. கேப்டனுக்கு உடம்பு சரியில்லன்னு ஒரு பேச்சு. வேற ஆளப் போட்டு எடுக்கப் போறாங்கன்னு இன்னொரு பேச்சு.

அக்கா: போடட்டும். அதுதான் நல்லது.

கன்ட்ரோல் ரூம்: எது நல்லது?

அக்கா: குரல் போனவள வெச்சு என்ன பண்ணுவாங்க? கேக்குற நாடகத்துக்குக் குரல்தானே மூலதனம். பூ விக்கிறவகிட்ட பூ இல்லாத மாதிரி. கௌரவமா ஒதுங்கிக்கணும். கேக்குறவங்க முகம் சுளிக்கிற வரைக்கும் இழுக்கக்கூடாது.

கன்ட்ரோல் ரூம்: முகம் சுளிப்பாங்கன்னு யாரு சொன்னா?

அக்கா: யாரும் சொல்லவேண்டாம். அவளுக்கே தெரியும்.

கன்ட்ரோல் ரூம்: மேடம், அந்தக் கேப்டன் எத்தன போர் பாத்தாச்சு, எத்தன கிரகத்துல விழுந்து எழுந்தாச்சு. கப்பல்ல ஒட்டுப் போடாத இடமே கிடையாது. அவங்க குரல் மட்டும் அப்பதான் கழுவி வெச்ச டம்ளர் மாதிரி இருந்தா நான் நம்பமாட்டேன். கரகரப்பா வந்தாதான் நம்புவேன்.

அக்கா: ...நீ நம்புவ. சம்பளம் குடுக்குறவன் நம்பணுமே.

மாஸ்டர்: என்ன ரெண்டு பேரும் அவங்க வீட்டு ஆளுங்க மாதிரி சண்ட போடுறீங்க? மேடம், மூணாவது எது கேக்கணும்?

கன்ட்ரோல் ரூம்: ‘யாரும் இறங்காத நிலையம்’. ஆனா சாப்பிடுறப்போ கேக்காதீங்க. அதுல உருளைன்னு ஒரு துப்புரவு மெஷின் வரும், தரை தொடைக்கிற மெஷின்தான், ஆனா கேப்டனயே எதுத்துப் பேசும். ‘கேப்டன், பூட்ஸக் கழட்டிட்டு வாங்க’ன்னும். சிரிச்சு எனக்குப் புரையேறிடுச்சு... ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். மெக்கானிக் பேசறார்.

மாஸ்டர்: வந்துட்டாரா? வந்துட்டாரா அக்கா?

அக்கா: இருங்க, கேப்போம்.

கன்ட்ரோல் ரூம்: மேடம், சார், நல்ல சேதி. மெக்கானிக் மொட்டைமாடில மெஷின் ரூமுக்குள்ள போயிட்டார். நீங்க நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல நிக்கிறீங்க. பிரேக்க கொஞ்சம் கொஞ்சமாத் தளர்த்தி, கையால சக்கரத்தச் சுத்தி உங்கள அஞ்சுக்கு ஏத்துவார். அதுக்கு முன்னாடி மெயின் கரன்ட் போகும். உள்ள விளக்கு அணையும், ஒரு சின்ன குலுக்கல் இருக்கும். சின்னது. பயப்படாதீங்க.

மாஸ்டர்: விளக்கு அணையுமா?

கன்ட்ரோல் ரூம்: கொஞ்ச நேரம்தான் சார். இந்த மைக் மட்டும் பேட்டரில ஓடும். சத்தம் கொஞ்சம் குறையும்.

மாஸ்டர்: வேண்டாம் மேடம், விளக்கு இருக்கட்டும்... வேண்டாம்னு சொல்லுங்க, அக்கா, சொல்லுங்க...

அக்கா: கையப் பிடிச்சுக்கோங்க. நான் இருக்கேன்ல.

கன்ட்ரோல் ரூம்: அணைக்கிறார்.

மாஸ்டர்: ஐயோ!

அக்கா: ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல... அம்மா! இது சின்னக் குலுக்கலா? நல்லாவே இறங்குச்சும்மா!

கன்ட்ரோல் ரூம்: ஒரு சாண் இறங்கியிருக்கும் மேடம். பிரேக் பிடிச்சுக்கிச்சு. கீழ விழாது, சத்தியமா விழாது. சார் எப்படி இருக்கார்?

மாஸ்டர்: விழுது... விழுது! திறங்க! யாராவது திறங்க!

கன்ட்ரோல் ரூம்: சார்! சார், நான் சொல்றது கேக்குதா? அந்த இடி சத்தம் என்ன மேடம்?

அக்கா: எழுந்துட்டார். கதவக் குத்துறார். எனக்கு ஒண்ணும் தெரியல, கும்மிருட்டு... ஏங்க! உக்காருங்க! இல்லம்மா, கேக்கமாட்டேங்குறார். தடவிப் பாத்தேன், கதவிடுக்குல விரல விட்டுட்டார். பிரிக்கிறார். உள்கதவு விலகுது. காத்து வருது என் மேல.

கன்ட்ரோல் ரூம்: மெக்கானிக், நிறுத்துங்க! சுத்தாதீங்க, கதவு திறந்திருக்கு! ...மேடம், கவனமாக் கேளுங்க. உள்கதவுக்கு அந்தப் பக்கம் பாதி சுவரு, பாதி குழி. அவரு பலத்துக்கு வெளிக்கதவும் வந்துடும். ஏறுறேன்னு உடம்ப நுழைச்சு, அந்த நேரம் வண்டி ஒரு சாண் அசைஞ்சா...

அக்கா: புரியுது. சொல்லாத.

கன்ட்ரோல் ரூம்: என் குரல் அவருக்கு எட்டல. இங்க கத்துறேன், அங்க கொசு மாதிரி வருது. நீங்கதான் சொல்லணும்.

அக்கா: சொல்லிட்டுத்தான் இருக்கேன்! இழுத்தும் பாத்துட்டேன், சுவத்த இழுக்குற மாதிரி இருக்கு.

கன்ட்ரோல் ரூம்: இன்னும் சத்தமா.

அக்கா: வராதும்மா... ஜலதோஷம் இல்ல எனக்கு. தொண்டைல ஆபரேஷன். கத்துனா உடைஞ்சு வெறும் காத்துதான் வரும். என்னால முடியாது. வேற யாரையாவது... வெளிய இருந்து யாரையாவது...

கன்ட்ரோல் ரூம்: வெளிய ஆளு வர்றதுக்குள்ள அவரு பாதி ஏறிடுவார். மேடம், ஒரு நாடகம் ஞாபகம் வருது. சீக்கிரம் சொல்லிடுறேன்.

அக்கா: இப்பவா!

கன்ட்ரோல் ரூம்: இப்பதான். அஞ்சாவது கேப்டனும் ஒரு சுரங்கத் தொழிலாளியும் ஒரு அறைக்குள்ள மாட்டிக்கிறாங்க. கும்மிருட்டு. ஆளு மலை மாதிரி. பயத்துல புத்தி பேதலிச்சுக் கதவப் பிரிக்கிறான். கதவுக்கு அந்தப் பக்கம் வெறும் வெளி, காத்தே கிடையாது. கேப்டனுக்குத் தொண்டைல அடி. கத்த முடியாது.

அக்கா: இது... இது எந்த நாடகம்?

கன்ட்ரோல் ரூம்: அவங்க அவனை நிறுத்திடுவாங்க மேடம். ஒரு வார்த்தைல நிறுத்துவாங்க. அந்த வார்த்தை எனக்கு மறந்துபோச்சு. நீங்க சொல்லுங்க. அந்த இடத்துல அவங்க என்ன சொல்லியிருப்பாங்க?

அக்கா: ...கத்தியிருக்கமாட்டா.

கன்ட்ரோல் ரூம்: சரி. அப்புறம்?

அக்கா: அவ எப்பவுமே கத்தமாட்டா. கத்துறவன் சத்தத்துக்குக் கீழ போவா. சின்னதா. கிட்டக்க.

கன்ட்ரோல் ரூம்: போங்க மேடம். கிட்டக்க போங்க.

அக்கா: போயிட்டேன். அவர் காதுகிட்ட இருக்கேன்.

கன்ட்ரோல் ரூம்: அப்புறம் என்ன சொல்லுவாங்க?

அக்கா: ...மாலுமி.

மாஸ்டர்: திறங்க! திறங்க!

அக்கா: மாலுமி. கதவுல இருந்து கைய எடு.

மாஸ்டர்: யா... யாரு? யாரு அது?

அக்கா: இந்தக் கப்பலோட கேப்டன். என் கப்பல்ல நான் சொல்லாம எந்தக் கதவும் திறக்காது. எடு கைய.

மாஸ்டர்: விழுது... நாம விழுந்துட்டிருக்கோம்...

அக்கா: விழுந்தா முதல்ல எனக்குத்தான் தெரியும். விழல. கைய எடு. ஒரு கை. ம். இப்ப இன்னொண்ணு.

மாஸ்டர்: ...எடுத்துட்டேன்.

அக்கா: பின்னால வா. இன்னும். முதுகு சுவத்துல பட்டுச்சா?

மாஸ்டர்: பட்டுச்சு.

அக்கா: என் தோள் இங்க இருக்கு. பிடி. இவ்வளவு இறுக்கமா வேண்டாம், கேப்டனும் மனுஷிதான். இப்ப உனக்கு ஒரு வேலை.

மாஸ்டர்: வேலையா?

அக்கா: இந்தக் கப்பல்ல உன்னைவிட பலசாலி யாரும் இல்ல. மறு கைய சுவத்துல வை. உள்ளங்கை முழுசா படணும். கப்பல் மேல ஏறும். அசையுற ஒவ்வொரு தடவையும் எனக்குச் சொல்லணும். என் கண்ணு இருட்டுல வேலை செய்யல, உன் கையத்தான் நம்பியிருக்கேன். முடியுமா?

மாஸ்டர்: முடியும்.

அக்கா: கேக்கல.

மாஸ்டர்: முடியும் கேப்டன்!

அக்கா: என்னோட வந்தவங்க யாரையும் நான் பாதி வழில விட்டதில்ல. இன்னைக்கும் விடமாட்டேன். கன்ட்ரோல்... உள்கதவ மூடிட்டேன். ஆளு பத்திரம். நாங்க தயார். ஏத்தச் சொல்லு.

கன்ட்ரோல் ரூம்: ...

அக்கா: கன்ட்ரோல்! பதில் சொல்லு.

கன்ட்ரோல் ரூம்: இருக்கேன், இருக்கேன்... ஒண்ணுமில்ல, தூசி. மெக்கானிக்! கதவு மூடியாச்சு. ஆளு பத்திரம். சுத்துங்க!

மாஸ்டர்: அசையுது கேப்டன்!

அக்கா: எந்தப் பக்கம்?

மாஸ்டர்: மேல! மேலதான்! கை கீழ இழுபடுது... நின்னுடுச்சு.

அக்கா: மூச்சு வாங்குது கப்பல். உன்ன மாதிரிதான். விடு, மறுபடி ஏறும்.

மாஸ்டர்: ஏறுது! மறுபடியும் ஏறுது கேப்டன்!

கன்ட்ரோல் ரூம்: பாதி தாண்டியாச்சு. மெக்கானிக் சொல்றார், இன்னும் கொஞ்சம்தான்.

அக்கா: கேட்டியா? நல்லாச் செய்யுற. சொல்லிட்டே இரு.

மாஸ்டர்: ஏறுது... ஏறுது... கேப்டன், வெளிச்சம்! கதவிடுக்குல வெளிச்சம் தெரியுது! கோடு மாதிரி!

அக்கா: எனக்கும் தெரியுது.

மாஸ்டர்: பெரிசாகுது! ஆளுங்க சத்தம் கேக்குது! வெளிய என் பசங்க குரலு!

கன்ட்ரோல் ரூம்: தரைக்குச் சமமா வந்தாச்சு. பிரேக் போட்டாச்சு. நகராதீங்க, வெளிய இருந்து சாவி போட்டுத் திறக்குறாங்க... திறந்தாச்சா மேடம்?

மாஸ்டர்: திறந்துடுச்சு! மேடம், திறந்துடுச்சு! அக்கா, வாங்க, வாங்க, என் கையப் பிடிங்க. டேய், கை தட்டினது போதும்டா, வழிய விடுங்க! அக்காவுக்கு முதல்ல வழி!

அக்கா: நீங்க போங்க முதல்ல. கேப்டன் கடைசியாத்தான் இறங்கணும்.

மாஸ்டர்: ஹா! அது சரி... இறங்கிட்டேன்! தரை! எவ்வளவு நல்ல தரை! என்னடா சிரிப்பு? லிஃப்டுல ஏன் வந்தேன்னா கேக்குற? சும்மா... பரிசோதனைக்குடா. லிஃப்டு எவ்வளவு மோசம்னு காட்டத்தான். பாத்தீங்கல்ல? எல்லாரும் படியேறுங்க!

அக்கா: முட்டி?

மாஸ்டர்: அக்கா, மெதுவா... அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க ராணுவத்துல இருந்தீங்களா?

அக்கா: இல்லையே.

மாஸ்டர்: போலீஸ்? ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ்? அந்தக் குரலக் கேட்டதும் என் கை தானா இறங்கிடுச்சு அக்கா. எங்க அப்பா சொன்னாக்கூட நான் கேட்டதில்ல. எங்க கத்துக்கிட்டீங்க?

அக்கா: பல் வலி வந்தா எல்லாருக்கும் அப்படித்தான் குரல் வரும்.

மாஸ்டர்: போங்கக்கா, விளையாடாதீங்க. நீங்க மட்டும் இல்லன்னா நான் இன்னைக்கு... சரி, அழமாட்டேன், பசங்க பாக்குறாங்க. மேடம்! கன்ட்ரோல் ரூம் மேடம்! ரொம்ப நன்றி! முதல்ல ‘உப்புக் கிணறு’, அப்புறம் ‘இரவல் சூரியன்’, சரிதானே?

கன்ட்ரோல் ரூம்: சரிதான் சார். முதல்ல வந்தது மட்டும் கடைசில.

மாஸ்டர்: அந்த மரக்கட்டை கேப்டன நான் இனிமே கிண்டல் பண்ணமாட்டேன். வர்றேன் அக்கா. டேய், கையக் குடுங்கடா, ரெண்டு பேர் பிடிச்சாதான் படியேற முடியும்...

அக்கா: போயிட்டார். ஏம்மா... இன்னும் லைன்ல இருக்கியா?

கன்ட்ரோல் ரூம்: ஆளு எல்லாம் வெளிய போற வரைக்கும் லைன வைக்கக்கூடாது மேடம். ஏன் இன்னும் உள்ளயே நிக்கிறீங்க?

அக்கா: நிக்கிறேன். உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்.

கன்ட்ரோல் ரூம்: கேளுங்க மேடம்.

அக்கா: அந்தச் சுரங்கத் தொழிலாளி கதை. அது எத்தனாவது நாடகம்?

கன்ட்ரோல் ரூம்: அது... நடுவுல எங்கயோ வரும் மேடம்.

அக்கா: பேரு?

கன்ட்ரோல் ரூம்: பேரு... ‘கதவுக்கு அந்தப் பக்கம்’.

அக்கா: இப்ப வெச்ச பேருதானே?

கன்ட்ரோல் ரூம்: ஏன் மேடம் அப்படிக் கேக்குறீங்க?

அக்கா: அப்படி ஒரு நாடகமே கிடையாதும்மா.

கன்ட்ரோல் ரூம்: இதெல்லாம் யாரு கேப்பாங்கன்னு சொன்னீங்க. எல்லாத்தையும் கேட்டிருக்கீங்க போல.

அக்கா: ஒண்ணக்கூடக் கேட்டதில்ல. என் குரல நானே கேக்குறது எனக்குப் பிடிக்காது. பேசினதோட சரி. அத்தன நாடகத்துலயும் நான்தான் பேசியிருக்கேன். மரக்கட்டை நான்தான். பல் டாக்டரும் பொய். ஆறாவது மாடிக்குத்தான் வந்தேன். ‘என்னால முடியாது, வேற ஆளப் போட்டுக்கோங்க’ன்னு சொல்லிட்டுப் போகலாம்னு. வர்ற வழியெல்லாம் அதையே சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தேன், எப்படிச் சொன்னா அழுகை வராதுன்னு. இப்ப அந்த வசனம் ஒண்ணுகூட ஞாபகம் இல்ல. நான் படியேறிப் போறேன். போய், ‘மைக்க ஆன் பண்ணுங்க’ன்னு சொல்லப்போறேன். கரகரன்னுதான் இருக்கும். இருக்கட்டும். ஒரு ஆள நிறுத்துச்சே அந்தக் குரல். ஆனா, நீ ஏம்மா எங்கிட்ட இல்லாத நாடகத்தச் சொன்ன? கையப் பிடிச்சு இழுங்க, வாயப் பொத்துங்கன்னு நேரா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?

கன்ட்ரோல் ரூம்: உங்களக் கூப்பிட்டா வரமாட்டீங்கன்னு தெரிஞ்சுபோச்சு கேப்டன். முதல் தடவ நீங்க பட்டன அமுக்கி, ‘யாரு இருக்கீங்க அங்க?’ன்னு கேட்டப்பவே எனக்குக் குரல் தெரிஞ்சுடுச்சு, கரகரப்போட சேத்துத்தான். ஆனா நீங்க ‘முடியாது, முடியாது’ன்னே நின்னீங்க. அதான் ஒரு கதையக் கட்டிவிட்டு, முடியும்னு சொல்றவங்களக் கூப்பிட்டேன்... வந்துட்டாங்கல்ல?